அடிமண் எடுத்தவர்கள்: முத்துக்குளியல் முதல் ஸ்கூபா வரை

இந்த எபிசோட் ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கத்துக்கப் போனேன். வாரத்துக்கு நாலு நாள் ஜிம், ஞாயிற்றுக்கிழமை 10 கிலோமீட்டர் ஓட்டம்னு இருக்கிற ஆளு நான். பயிற்சியாளர் ஐம்பதை நெருங்குகிறவர். லேசாகத் தொப்பை. படியேறினால் மூச்சு வாங்கும்போலத்தான் இருந்தார். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு சிலிண்டர், ஒரே ஆழம், பத்து மீட்டர். 27 நிமிஷத்தில் என் கேஜ் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. அவர் சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று மிச்சம் இருந்தது. மேலே வந்ததும் என் கைக்கடிகாரம் பாராட்டு தெரிவித்தது: சிறப்பான உடற்பயிற்சி, இவ்வளவு கலோரி. அவர் அதை எட்டிப் பார்த்துட்டு சிரிச்சார். “இந்த நம்பர் குறையணும் தம்பி. அதுக்குத்தான் பயிற்சி”ன்னார்.

அந்த வாக்கியம் என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. உடல் உழைப்பை அளக்க உலகமெல்லாம் ‘மெட்’னு ஒரு அலகு பயன்படுத்துறாங்க. சும்மா உட்கார்ந்திருந்தால் 1. ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் பட்டியலில் சாதாரண ஸ்கூபா டைவிங்குக்கு 7 என்று இருக்கிறது. ஜாகிங்குக்கும் ஏறக்குறைய அதேதான். அப்போ டைவிங் ஒரு நல்ல எக்சர்சைஸ், சரிதானே? ஆனால் ஓட்டத்தில் அந்த எண்ணைக் கூட்டினவன் கெட்டிக்காரன், டைவிங்கில் குறைத்தவன்தான் கெட்டிக்காரன். இது ஏன் இப்படித் தலைகீழா இருக்குன்னு தேடப்போய், நம்ம மன்னார் வளைகுடாவில் ஈராயிரம் வருஷமா இதே விஷயத்தை வயித்துப்பாட்டுக்காகச் செஞ்சவங்ககிட்ட போய் நின்னேன். அவங்க கதைதான் இன்னிக்கு.

அதுக்கு முன்னாடி ஒரு கிணறு.

எங்க ஊர் ராசிபுரம் பக்கம். கடல்னா சுற்றுலா பஸ்ல போய்ப் பாக்கிற பொருள். சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவனுக்கு நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவது அப்பா காலம், எங்க காலத்துக்கு ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். ஒரு வாரத்தில் கேன் போய்விடும். கேன் போன பிறகு அடுத்த பரீட்சை, அடிமண் எடுப்பது. முங்கிப் போய்க் கிணற்றின் அடியிலிருந்து ஒரு பிடி சேறு அள்ளிக்கொண்டு வந்து மேலே இருப்பவர்களிடம் காட்டணும். காட்டாட்டி நீ இன்னும் கேன் பார்ட்டிதான்.

நல்ல மழை வருஷத்தில் எங்க கிணற்றில் முப்பது அடி தண்ணீர் நிற்கும். முதல் தடவை பாதியிலேயே காதில் ஊசி குத்துவதுபோல வலித்து மேலே வந்துவிட்டேன். அப்புச்சி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “மூக்கப் புடிச்சு ஊது கண்ணு, காது தொறந்துக்கும். அப்பறம், தண்ணியோட சண்ட கட்டாத. அது செயிச்சுப்போடும்.” அவர் கடலைப் பார்த்ததே இல்லை. மூக்கைப் பிடித்து ஊதும் அந்த உத்திக்கு டைவிங் புத்தகங்களில் வல்சால்வா என்று பெயர். 1704இல் காதைப் பற்றி ஒரு நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் அவர். அப்புச்சிக்கு அது யார்கிட்ட இருந்து வந்துச்சோ.

முப்பது அடின்னு சொன்னேன் இல்லையா, அதை மனசுல வெச்சுக்கோங்க. ஏறக்குறைய பத்து மீட்டர் தண்ணீரின் எடை, தலைக்கு மேலே இருக்கிற மொத்த வாயு மண்டலத்தின் எடைக்குச் சமம். அதாவது நிறைந்த கிணற்றின் அடியில் இருக்கிற பையன் மேல் இரண்டு மடங்கு அழுத்தம். 1662இல் ராபர்ட் பாயில் சொன்ன விதிப்படி, மேலே ஆறு லிட்டராக இழுத்த மூச்சு அங்கே மூன்று லிட்டராகச் சுருங்கும். பிளஸ் ஒன் இயற்பியலில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். முத்துச் சிப்பி கிடந்த படுகைகளின் ஆழம் கிட்டத்தட்ட இதிலிருந்து தொடங்கி, இரண்டு மடங்கு வரைக்கும் போகும்.

அந்தப் படுகைகளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ‘பார்’ என்று பெயர். தொள்ளாயிரம் பார் என்று ஒன்று இருக்கிறது, கேட்கவே பிரமாண்டமா இருக்குல்ல? ஆங்கில அறிக்கைகளிலும் அப்படியே ‘பார்’ என்றுதான் எழுதினார்கள். இன்னொரு சொல், ‘குளி’. முத்துக் குளித்தல், சங்கு குளித்தல். நாம காலையில குளியலறையில செய்யிறதுக்கும் அதே சொல்தான். அந்தச் சொல்லுக்கு மூழ்குவது என்ற பொருள் பழசு. ஷவருக்கு அடியில நிக்கிற நாமதான் அதைச் சுருக்கிட்டோம்.

சரி, கொற்கைக்குப் போவோம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்றைக்குக் கடல் பின்வாங்கிச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிற ஒரு கிராமம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ் என்ற வணிகக் கையேடு, பாண்டிய நாட்டின் இந்த முத்துக்குளியலைக் குறிப்பிடுகிறது. அதில் ஒரு வரித் தகவல் இருக்கிறது: தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு இந்த வேலை நடந்தது. முத்துமாலை, அரசன், ரோமாபுரி வணிகம் என்று நாம் பெருமையாகப் பேசுகிற ஏற்றுமதியின் அடித்தட்டில், கடலடிக்குப் போனால் போகட்டும் என்று அனுப்பப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். டைவிங்கை உடற்பயிற்சி என்று நினைக்கிற நான், அதைத் தண்டனையாகப் பயன்படுத்திய ஒரு காலத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ காலத்தில் அது கூலி வேலையாக இருந்தது. வணிகர்கள் ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஏப்ரலில் தொடங்கி மே நடுப்பகுதி வரை குளிக்க வைத்ததாக எழுதுகிறார். பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடுகிறவர்களுக்கு! தமிழில் அவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். சிரிக்காதீங்க, பிரிட்டிஷ் அரசாங்கமே பின்னாளில் இவர்களுக்குக் காசு கொடுத்தது. கடல்கட்டி வரவில்லை என்றால் ஒரு ஆளும் தண்ணீரில் இறங்க மாட்டான். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அந்த 27 நிமிஷம் நடக்காமல் இருந்திருந்தால். பயந்தவன் இதயம் வேகமாக அடிக்கும், பிராணவாயு சீக்கிரம் தீரும். ஒரே ஒரு மூச்சோடு இறங்குகிறவனுக்குப் பயம் என்பது நேரடியான செலவு. கடல்கட்டி சுறாவைக் கட்டினாரோ இல்லையோ, இறங்குகிறவன் நாடித்துடிப்பைக் கட்டினார் என்பது என் கணக்கு.

இந்தத் தொழிலின் நுணுக்கங்களைத் தெளிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. இலங்கையைப் பற்றிய அவர் நூல் 1803இல் வெளிவந்தது. கடலுக்கு அந்தப்புறம் இருந்த மன்னார் பார்களை அவர் விவரிக்கிறார். தொழில்முறை இரண்டு கரைக்கும் ஒன்றுதான், ஆட்களும் இங்கிருந்து அங்கே போனவர்கள்தான். தென்கரைப் பரதவர்கள், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள், இன்னும் பலர்.

ஒரு படகில் தலைவனான தண்டலைத் தவிர 20 பேர். பத்து பேர் படகையும் கயிறுகளையும் பார்த்துக்கொள்வார்கள், பத்து பேர் குளிப்பார்கள். பத்து பேருக்கும் சேர்த்து ஐந்து கல். ஐந்து பேர் கீழே இருக்கும்போது ஐந்து பேர் மேலே மூச்சு வாங்குவார்கள். கல் என்பது 15, 20 கிலோ எடை. அதில் கட்டிய கயிற்றைக் கால்விரல்களால் கவ்விக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு பிடிப்பவர் விட்டதும் கல் அவரை அடிக்கு இழுத்துப் போய்விடும். கல்லை விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கும் வலைப்பையில் சிப்பிகளை வாரிப்போட்டு, இன்னொரு கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுத்துவிடுவார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னன்னா, இந்த மொத்த ஏற்பாட்டிலும் அந்த மனிதர் நீந்துவதே இல்லை! இறங்குவது கல்லின் வேலை. ஏறுவது மேலே இருப்பவன் புஜத்தின் வேலை. அவருடைய ஒரு மூச்சு முழுவதும் அந்த ஒரு நிமிஷ நேரம் சிப்பி பொறுக்குவதற்கு மட்டும். நாங்க மென்பொருளில் ‘ஆப்டிமைஸ்’ பண்றோம்னு பெரிசா பேசுவோம். வளம் ஒன்றே ஒன்று, அதுவும் ஆறு லிட்டர் காற்று. அதை எந்த வேலைக்குச் செலவழிக்கணும், எதுக்குச் செலவழிக்கக் கூடாதுன்னு இவங்க போட்ட கணக்குல ஒரு ஓட்டை கிடையாது. நவீன டைவர் இடுப்பில் ஈயக்கட்டியும் முதுகில் காற்று ஊதும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு செய்வதும் இதைத்தான்: இறங்கவும் ஏறவும் தசையைச் செலவழிக்காதே. மேலே இழுக்கிறவனுக்கும் கீழே இருக்கிறவனுக்கும் உள்ள உறவைத்தான் இன்னிக்கு ‘படி சிஸ்டம்’னு பாடமா நடத்துறாங்க. கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று செவிவழிக் கதை ஒன்று உண்டு. தன் அக்காவோ தங்கையோ தாலி அறுக்கக் கூடாதுன்னு கெட்டியா பிடிச்சுக்குவானாம். மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு நம்ம ஊர்ல சொல்றதும் இந்தக் கயித்துக் கணக்குதான். தேன் எடுக்கிறவங்களுக்கும் இதே கதை.

ஆனால் பெர்சிவலின் விவரணை இதோடு முடியவில்லை. ஒருவர் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை இறங்குவார் என்கிறார். மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீர் வழியும், பல சமயம் ரத்தமும் வரும் என்கிறார். அப்படியும் தன் முறை வந்ததும் மறுபடி இறங்குவாராம்.

இந்த ரத்தம் எங்கிருந்து வருதுன்னு இன்னிக்கு நமக்குத் தெரியும். காதின் உட்பக்கக் காற்று சுருங்கும்போது அழுத்தத்தைச் சமன்படுத்தாவிட்டால் செவிப்பறை உள்நோக்கி வளைந்து கிழியும். சளி பிடித்திருந்தால் மூக்கின் எலும்பறைகளில் ரத்தம் கசியும். ஐம்பது முறை இறங்குகிறவர் ஐம்பது முறையும் சரியாகச் சமன் செய்தாக வேண்டும். இன்றைக்கு எனக்குச் சளி பிடித்தால் பயிற்சியாளர் படகிலேயே ஏற்ற மாட்டார். முத்துக்குளியல் சீசன் வருஷத்தில் சில வாரங்கள்தான், பருவக்காற்றுகளுக்கு இடையே கடல் அடங்கி இருக்கும்போது. சளிக்கு லீவு போட்டால் அந்த வருஷம் போச்சு.

மூச்சை அடக்கி இறங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பசிபிக் கடலில் துவாமோத்து தீவுகளின் முத்துக்குளிப்பவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, பக்கவாதம் எல்லாம் வருவதுண்டு. அவர்கள் அதற்கு வைத்த பெயர் தாராவானா. 1965இல் அதைப் பற்றி மருத்துவ உலகில் விரிவாக எழுதினார்கள். இடைவெளி விடாமல் திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போனால், சிலிண்டர் இல்லாமலேயே உடம்பில் நைட்ரஜன் சேர்ந்துவிடும். எங்க கடலோரத்தில் மதியத்துக்கு மேல் கை கால் இழுத்துக்கொண்டு படுத்தவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்களோ, அறிக்கை எழுதின துரைமார்கள் அதையெல்லாம் கேட்டு எழுதவில்லை. சிப்பியின் எண்ணிக்கையை மட்டும் கடைசி இலக்கம் வரை எழுதினார்கள். 1905ஆம் ஆண்டு இலங்கைக் குளியலில் எட்டுக் கோடிக்கும் மேல்.

அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பங்கு. ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அதையும் படகில் இருந்தவர்கள் எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும். 1906இல் இந்தக் குளியலை மேற்பார்வை பார்க்க அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகளில் ஒருவர் லியோனார்டு வுல்ஃப், வர்ஜீனியா வுல்ஃபைப் பின்னாளில் மணந்தவர். அப்போது அவருக்கு 25 வயசு. நம்மில் பலர் முதல் கம்பெனி மாறுகிற வயசு. மூடாமல் அழுகவிட்ட கோடிக்கணக்கான சிப்பிகளின் நாற்றத்துக்கு நடுவே அவர் சிப்பி எண்ணவைத்துக்கொண்டிருந்தார்.

இப்போ 1943க்குத் தாவுறேன். ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸ். பெட்ரோல் தட்டுப்பாடு. விறகுக் கரியிலிருந்து வரும் வாயுவில் கார் ஓட்ட வேண்டிய நிலை. எமில் காக்னான் என்ற பொறியாளர், எஞ்சினுக்குத் தேவையானபோது தேவையான அளவு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் ஒரு வால்வை வைத்திருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரிடம் வந்து, எஞ்சினுக்குப் பதில் மனிதன் என்றார். அதுதான் அக்வாலங், இன்றைய ஸ்கூபாவின் அப்பன். லாரி ஊர்க்காரனா எனக்கு இதுல தனி சந்தோஷம். நாம கடலுக்கு அடியில மூச்சு விடுற கருவி ஒரு வண்டி உதிரிபாகத்தோட ஒண்ணுவிட்ட தம்பி.

அந்தக் கருவி தூத்துக்குடிக்கு வந்தபோது விளையாட்டுக்கு வரவில்லை. கணக்கெடுக்க வந்தது. 1955 முதல் 1961 வரை அங்கே முத்துக்குளியல் தொடர்ந்து நடந்தது. அந்த ஆண்டுகளில்தான் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சார்பில் இத்தாலிய வல்லுநர் பாஸ்கியேரி சால்வதோரி வந்து மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குப் படுகைகளை ஆராய்ந்தார். அவர் அறிக்கை 1960இல் வந்தது. பிறகு நம் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் போன்ற விஞ்ஞானிகள் தாங்களே இறங்கிக் கடலடியைப் பார்த்து எழுதினார்கள். அவர்களுடைய கட்டுரை 1967இல் வெளியானது. இந்தியக் கடலடியை ஸ்கூபா போட்டுக்கொண்டு பார்த்த ஆரம்பகாலப் பதிவுகளில் அது ஒன்று. ஆனால் எண்ண ஆள் வந்த நேரத்தில் எண்ண வேண்டியது போய்விட்டது. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளியலே நடக்கவில்லை. 1973இல் அதே தூத்துக்குடியில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்துவிட்டார்கள். கடலடிக்குப் போக வேண்டிய தேவை முத்துக்கு இல்லாமல் போனது.

இப்போ என் 27 நிமிஷத்துக்கு வரேன், கணக்கு ரொம்ப எளிசு. சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு, 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. ஆக 2200 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடக் கூடாது, அவசரத்துக்கு. மீதி 1650 லிட்டர். நிதானமாக இருப்பவர் நிமிஷத்துக்கு 15 லிட்டர் காற்று இழுப்பார் என்று வைப்போம். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் சிலிண்டரிலிருந்து 30 லிட்டர் போகும். 55 நிமிஷம் வரும். நான் கையை ஆட்டி, காலை உதறி, கண்ணாடிக்குள் தண்ணீர் வந்ததற்குப் பதறி, நிமிஷத்துக்கு 30 லிட்டர் இழுத்தேன். அங்கே அது 60. வகுத்துப் பாருங்க, 27தான் வரும். என் பெஞ்ச் பிரஸ் எடை இந்தச் சமன்பாட்டுல எங்கயுமே வரல.

அதுக்காக உடம்பு வேண்டாம்னு அர்த்தம் இல்லை. சர்வதேசப் பயிற்சி அமைப்புகளின் ஆரம்பநிலைப் பரீட்சையிலேயே 200 மீட்டர் நிற்காமல் நீந்தணும், நேரக் கணக்கு கிடையாது. அப்புறம் எதையும் பிடிக்காமல் பத்து நிமிஷம் மிதக்கணும். எங்க கிணத்துல எட்டு வயசுப் பையன் பாஸ் பண்ணுவான். ஆனால் திடீர்னு நீரோட்டம் வந்தாலோ, கூட வந்தவர் மயங்கினாலோ, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் முழு வேகத்தில் துடுப்புக்கால் அடிக்க இதயத்தில் தெம்பு இருக்கணும். பொழுதுபோக்கு டைவிங் மரணங்களில் இதயக் கோளாறுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் கேட்டா சலிச்சுக்காதீங்க. நான் அதுக்கப்புறம் செஞ்சது இவ்வளவுதான்: ஜிம்மில் இரண்டு நாளைக் குறைத்து, சேலத்தில் இருக்கும்போதெல்லாம் நீச்சல் குளத்தில் மெதுவாக நெடுந்தூரம் நீந்தினேன். மூச்சை வெளியே விடுவதை நீட்டிப் பழகினேன். தனியாகக் குளத்தில் மூச்சடக்கிப் பழகுவதை மட்டும் செய்யவே செய்யாதீங்க. மயக்கம் முன்னறிவிப்பு இல்லாமல் வரும், பார்க்க ஆள் இல்லைன்னா அவ்வளவுதான். அடிமண் எடுக்கும்போது படியில எப்பவும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்ததுக்கு அர்த்தம் எனக்கு இருபது வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது.

ஆறு மாசம் கழித்து அதே புதுச்சேரி, அதே ஆழம், 41 நிமிஷம். பயிற்சியாளர் இன்னும் என்னைவிட முன்னாடிதான்.

இந்த இடத்தோட நிறுத்தியிருந்தா இது ஒரு சந்தோஷமான எபிசோட். ஆனால் முத்து போனாலும் சங்கு போகவில்லை. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளைச் சங்கு வளையலுக்கான சங்கு தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலடியிலிருந்து போகிறது. இன்றைக்கும் மனிதர்கள் இறங்கித்தான் எடுக்கிறார்கள். அதே கடலில் ராமநாதபுரத்துப் பெண்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிப் பாசி எடுக்கிறார்கள். அவங்களுக்கு எந்தக் கைக்கடிகாரமும் கலோரி சொல்றதில்லை.

சங்கு குளிப்பவர்களில் பலர் இப்போது கம்ப்ரசர் வைத்துக்கொள்கிறார்கள். படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து நீளமான குழாய், குழாயின் முனை வாயில். எந்தக் கம்ப்ரசர்? நாமக்கல்லில் பைபாஸ் ஓரம் லாரி டயருக்குக் காத்தடிக்கிற கடையில படபடன்னு ஓடுமே, அந்த வகை. டயருக்கு எண்ணெய்ப் புகை கலந்த காற்று போனால் ஒன்றும் ஆகாது. நுரையீரலுக்கு ஆகும். எஞ்சின் புகை காற்று வாங்கும் பக்கம் திரும்பினால் கார்பன் மோனாக்சைடு நேரே கீழே இருப்பவர் வாய்க்குப் போகும். டைவிங் சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரசரில் இதற்காகவே வரிசையாக வடிகட்டிகள் வைத்திருப்பார்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, குழாயில் காற்று தீராது என்பதுதான். என் சிலிண்டர் தீர்ந்ததால் நான் மேலே வந்தேன். குழாய்க்காரர் வர வேண்டியதில்லை. சங்கு கிடைக்கக் கிடைக்க மணிக்கணக்கில் கீழே இருக்கலாம். அவ்வளவு நேரமும் அழுத்தத்தில் இருக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே இருக்கும். சட்டென்று மேலே வந்தால் என்ன ஆகும்? கோலி சோடாவின் குண்டை அமுக்கினால் என்ன ஆகும்? அந்தக் குமிழிகள் மூட்டில், முதுகுத்தண்டில். 1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவர் கூட்டாளிகளும் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எங்கெங்கே நின்று நின்று ஏற வேண்டும் என்று அட்டவணை போட்டுவிட்டார்கள். என் கையில் இருக்கிற டைவ் கம்ப்யூட்டர் அந்த அட்டவணையின் பேரப்பிள்ளை. சங்கு குளிப்பவருக்கு அட்டவணை கிடையாது, விலை மட்டும் உண்டு. மூட்டுவலியில் தொடங்கி இடுப்புக்குக் கீழே உணர்வு போவது வரை நடக்கிறது. அவர் உடல் வலுவில் என்னைவிட நாலு மடங்கு. குமிழிக்கு அது தெரியாது.

இதைப் படிச்சுக்கிட்டு இருந்தப்பதான் எங்க ஊர் ஞாபகம் வந்தது. இந்தியா முழுக்க போர்வெல் போடுற ரிக் வண்டிகளின் தலைநகரம் நம்ம திருச்செங்கோடு. அந்த ரிக் பாறையைத் துளைப்பது எதனால்? அழுத்தக் காற்றால். கம்ப்ரசர் காற்றுதான் சுத்தியலை அடிக்கவைக்கிறது, காற்றுதான் பாறைத்தூளை மேலே ஊதித் தள்ளுகிறது. எங்க தோட்டத்தைச் சுத்தி ஆயிரம் அடிக்குக் குழி போட்ட பிறகு, முப்பது அடி நின்ற கிணற்றில் முழங்கால் அளவு நின்றது. அப்புறம் அதுவும் இல்லை. அழுத்தக் காற்று எங்க கிணத்தை வத்த வெச்சது. அதே அழுத்தக் காற்றை முதுகுல கட்டிக்கிட்டு நான் காசு கொடுத்துக் கடலுக்குள்ள அடிமண் எடுக்கப் போறேன். என் தங்கச்சி பையனுக்குப் பத்து வயசு, சேலத்துல அப்பார்ட்மெண்ட், நீச்சல் தெரியாது. போன பொங்கலுக்குக் கிணத்தடியில நின்னு எட்டிப் பார்த்துட்டு, “மாமா, இதுக்குள்ள நிஜமாவே குதிப்பீங்களா?”ன்னு கேட்டான். மழை நல்லா இருந்த வருஷம். கீழ கொஞ்சம் தண்ணி மின்னுச்சு. ஒரு கல்லை எடுத்துப் போட்டான். சத்தம் வர கொஞ்ச நேரம் ஆச்சு.

இந்த எபிசோடைக் கேட்கிற யாராவது சங்கு குளிக்கிற குடும்பமா இருந்தா, மதியத்துக்கு மேல வர்ற அந்தக் கை கால் இழுப்புக்கு உங்க வீட்டுல, உங்க தாத்தா காலத்துல, என்ன பேர் சொல்வாங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல அதை முதல்ல வாசிக்கிறேன்.